ஐந்து கான் கன்னியாத் தண்ணீர்

குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டையும் வெளியே விடாது என்று கண்டுபிடித்தவர் என் சின்ன மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. அவரிடம் ஒரு ஐஸ் லொறி இருந்தது. திருகோணமலை மீனையும் கருவாட்டையும் மலைநாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். லொறியின் பின்னால் பெரிய பெட்டி. உள்ளே தகரம், வெளியே தகரம், நடுவில் அரைச் சாண் தடிப்பில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டை. அதற்குள் போட்ட ஐஸ் இரண்டு நாளானாலும் முழுதாகக் கரையாது. அப்படியானால் அதற்குள் நாங்கள் படுத்தால் எங்கள் உடம்புச் சூடு எந்த வழியால் போகும் என்று மாமா கேட்டார். 

நுவரெலியாவுக்குப் போவதென்று முடிவானதால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. அது சித்திரை மாதம். வெயில் தாங்காத காசுக்காரர்கள் நுவரெலியாவுக்குப் போய் ஹோட்டலில் தங்குகிற காலம். நாங்கள் லொறியிலேயே சமைத்து, லொறியிலேயே படுத்து, மூன்று இரவு தங்கி வருவதாக ஏற்பாடு. சண்டைக் காலத்தில் அப்படி உல்லாசப் பயணம் போனவர்கள் எங்கள் ஊரான பாலையூற்றில் எங்களைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் இருந்தது. மலைக் காற்று முட்டுக்கு நல்லது என்று மாமா ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். குளிர் முட்டுக்குக் கூடவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததை அம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆகவே இந்தப் பயணம் என் நெஞ்சுக்காகத்தான் என்று நான் முழுமையாக நம்பினேன். உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

அண்ணாவும் எங்களோடு வந்தார். அவருக்குப் பதினேழு வயது. இரண்டு மாதமாக அவர் படலைக்கு வெளியே கால் வைக்கவில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தாலும் பயம், றோட்டில் இறங்கினாலும் பயம் என்றிருந்த வருடம் அது. அவரோடு படித்த இரண்டு பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அவர்களுடைய தாய்மார் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு மெல்லிய குரலில் கதைத்துவிட்டுப் போவார்கள். அண்ணா பள்ளிக்கூடம் போகாமல் இருப்பதைப் பார்த்து எனக்குப் பொறாமை. மூன்று இரவுப் பயணத்துக்கு அவர் ஏழு சட்டை அடுக்கியதைப் பார்த்தபோது, அண்ணாவுக்கு எப்போதுமே கொஞ்சம் ஸ்டைல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குச் சீனன்குடாவில் காவல் வேலை. லீவு கிடைக்கவில்லை. புறப்படும்போது அண்ணாவின் தலையை நெடுநேரம் தடவினார். முட்டுக்காரன் நான் பக்கத்திலேயே நின்றேன். என் தலையைத் தடவ மறந்துவிட்டார்.

மாமாவின் இரண்டாவது கண்டுபிடிப்பு சுடுதண்ணீர். லொறியை விடியற்காலையில் நேரே கன்னியாவுக்கு விட்டார். அங்கே நிலத்துக்குள்ளிருந்து சுடச்சுட ஊறுகிற ஏழு கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்த்து, எல்லாவற்றிலும் சூடான கிணற்றிலிருந்து அள்ளி ஐந்து பிளாஸ்ரிக் கான்களை நிரப்பினார். முன்பு வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோன கான்கள் அவை. இரவில் ஆளுக்கொரு கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கலாம், மிஞ்சுகிற ஒன்று என் நெஞ்சுக்கு ஒத்தணம் பிடிக்க என்பது அவர் திட்டம்.

மத்தியானத்துக்குள்ளேயே ஆறிவிடும் என்று அண்ணா சொன்னார். அவர் விஞ்ஞானத்தில் கெட்டிக்காரர்.

மாமா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ பள்ளிக்கூடத்திலை படிச்சது அடுப்புச் சூடு, மருமோன். அது ஆறும். இது பூமிச் சூடு. எத்தினை ஆயிரம் வருசமா ஆறாமக் கிடக்கு, இண்டைக்கு நுவரெலியாக்குப் போறதுக்குள்ளை ஆறிப்போமோ?"

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. மாமா சொன்னதில் எங்கே பிழை என்று இன்றைக்கும் என்னால் சரியாக விளக்க ஏலாது.

சூடு போய்விடும் என்பதால், போய்ச் சேரும்வரை ஒருவரும் மூடியைத் திறக்கக் கூடாது என்பது மாமாவின் கட்டளை. அந்தக் கட்டளையைக் கந்தளாய் றோட்டுச் சோதனைச்சாவடியில் நின்ற ஆமிக்காரர் ஒருவர் மீறினார்.

எல்லோரையும் இறக்கினார்கள். பெட்டிக்குள் ஏறிப் பார்த்தவர் கான்களை மோந்து பார்த்து, மண்ணெண்ணெயா என்று கேட்டார். மாமா தண்ணீர் என்றார். மீன் லொறிக்காரர் என்று மாமாவை அவர்களுக்குத் தெரியும், அவருக்குச் சிங்களமும் ஓடும். ஆனால் ஆமிக்காரருக்குத் தன் தமிழைப் பழகிப் பார்க்கும் ஆசை.

"நுவரெலியா தண்ணி இருக்குத்தானே. ஏன் இங்க தண்ணி?"

"இது சுடுதண்ணி, சேர். கன்னியாத் தண்ணி. பிள்ளைக்கு முட்டு. அங்கை குளிரெல்லே," என்று மாமா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

ஆமிக்காரர் மூடியில் கை வைத்தார். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "திறக்க வேண்டாம் சேர், சூடு போயிடும்."

அதற்குப் பிறகு அவர்கள் திறக்காமல் விடுவார்களா? ஐந்தையும் திறந்தார்கள். ஒன்றில் கொஞ்சம் குடித்துக் காட்டச் சொன்னார்கள். மாமா மண்ணெண்ணெய் மணத்தோடு அரைச் செம்பு குடித்தார். மாத்தளை தாண்டும்வரை வயிற்றிலிருந்து ஏவறை விட்டுக்கொண்டே வந்தார். தண்ணீர் நல்ல இளஞ்சூடாக இருந்ததைக் கண்ட ஒருவர் முகம் கழுவினார். அவர் மற்றவரைக் கூப்பிட்டார். கடைசியில் காவலில் நின்ற நாலு பேரும் சிரித்துச் சிரித்து ஒரு கானை முகம் கழுவியே முடித்தார்கள். முதலில் ஏறிப் பார்த்தவர் ஈரக் கையோடு அண்ணாவின் அடையாள அட்டையை வாங்கினார். நீர் சொட்டுவதைக் கண்டதும் அதை மாமா கட்டியிருந்த சாரத்திலேயே ஒற்றி, சரியாகப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த நேரம் முழுவதும் அம்மா என் தோளைப் பிடித்திருந்தார். நகம் பதிந்த அடையாளம் பின்னேரம்வரை இருந்தது. என்னைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, நான் ஓடுகிற பிள்ளை அல்ல. அதை அம்மாவிடம் சொல்லிக் குறைப்பட்டேன். அம்மா லொறிக்குள் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

நுவரெலியாவுக்குப் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். வாவிக் கரையில் லொறியை நிறுத்தினார் மாமா. வெள்ளைப் பனிப்புகாரில் எதிரே நின்ற மரமே தெரியவில்லை. மாமா சாரமும் செருப்புமாக இறங்கினார், இறங்கிய வேகத்திலேயே திரும்ப ஏறினார். அவர் பல் அடித்தது எனக்குக் கேட்டது. இனி என்ன பயம், கான் இருக்கிறது என்றார்.

ஒத்தணம் பிடிக்க அம்மா துணியை எடுத்தார். மாமா பெரிய மரியாதையோடு மூடியைத் திறந்து விரலை விட்டார். விரலை எடுக்கவில்லை. அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. மாமா நடிக்கத் தெரிந்தவர் அல்ல. யாரோ நெருங்கிய ஆள் ஏமாற்றிவிட்டதுபோல் இருந்தது அந்த முகம். அம்மா அதைக் கவனிக்காமல் துணியை நனைத்து என் நெஞ்சில் வைத்துவிட்டார். நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்தில் சவாரிக்காகக் கட்டியிருந்த மட்டக்குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

அண்ணா வாயைப் பொத்திக்கொண்டு லொறிக்குப் பின்னால் போனார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கந்தளாய்ச் சென்றியிலை ஆமிக்காரர் திறந்தவங்கள். அப்பவே சூடு போயிட்டுது," என்றார் மாமா.

ஆனால் பெட்டி பற்றிய கண்டுபிடிப்பு பொய்க்கவில்லை. சாக்கை விரித்து, அதன்மேல் பாயை விரித்து, நாலு பேரும் நெருக்கிப் படுத்துக் கதவைச் சாத்தியதும் கொஞ்ச நேரத்திலேயே கதகதவென்று வந்தது. மாமா இருட்டில் வெற்றியோடு கனைத்தார். சூடு ஏற ஏற வேறொன்றும் எழும்பியது. தேசிக்காய் தேய்த்து மூன்று தரம் கழுவிய பெட்டிதான்; ஆனாலும் அத்தனை வருடமும் அதில் பயணம் செய்த சூரை மீனும் கீரி மீனும் நெத்தலியும் ஒவ்வொன்றாக எங்களிடம் வந்து சுகம் விசாரித்தன. போதாததற்கு மூச்சும் முட்டியது. கதவைத் திறந்தால் குளிர் வந்தது, சாத்தினால் மீன் வந்தது. திறப்பதும் சாத்துவதுமாக இருந்தோம். கடைசியில் அண்ணா கதவிடுக்கில் ஒரு செருப்பைச் செருகிவிட்டு, அந்த இடைவெளிக்கு முதுகைக் கொடுத்துப் படுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. நல்ல காற்று வருகிற ஒரே இடம் அதுதான்.

காலையில் லொறியைச் சுற்றி எட்டுப் பூனைகள். மாமாவிடம் கருவாடு வாங்குகிற கடை முதலாளி எங்களைத் தேடி வந்தவர், பூனைகளைப் பார்த்தே லொறியைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். வயதான, சாந்தமான மனிதர். அண்ணாவை மேலும் கீழும் பார்த்து, கடையின் மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறது, தன் பிள்ளை மாதிரி என்றார். அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றும்போது கோப்பை நிறைந்து வழிந்தது.

பிறகு சந்தைக்குப் போனோம். குளிர் உடுப்பு விற்கிற வரிசைக் கடையில் அம்மா கடும் நீல நிறத்தில் ஒரு சுவெற்றரை எடுத்தார். தையலை இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ரெண்டு வருசம் தாங்குமோ என்று கடைக்காரரைக் கேட்டார். இன்னும் இரண்டு இரவுக்கு ஏன் இரண்டு வருடம் என்று நான் யோசிப்பதற்குள், அதை அண்ணாவுக்குப் போட்டுவிட்டார். எனக்குக் கிடைத்தது குஞ்சம் வைத்த ஒரு தொப்பி.

இதைவிட அநியாயம் உண்டா? பயணம் என் நெஞ்சுக்காக. காற்று வருகிற இடம் அவருக்கு, சுவெற்றரும் அவருக்கு. நான் இரண்டு நாள் அண்ணாவோடு கதைக்கவில்லை. திரும்புகிற காலையில் அவர் கருவாட்டுக் கடை வாசலில் நின்றார். கொஞ்ச நாள் கடையில் உதவிக்கு நிற்கப்போகிறார் என்று மாமா சொன்னார். அண்ணா லொறிக் கண்ணாடி அருகே வந்து, சுவெற்றரைக் கழற்றி, "இந்தா, ஒருக்காப் போட்டுப் பார்," என்று நீட்டினார். நான் போட்டேன். முழங்கால்வரை வந்தது. அவர் உடம்புச் சூடு அதில் இருந்தது. கழற்றவே மனமில்லை. அம்மா, என்றுமே என்னைக் கடிந்து பேசாத அம்மா, அதை என் தலை வழியாக உருவி எடுத்து அண்ணாவின் கையில் திணித்தார். நான் இறம்பொடைவரை அழுதேன். அண்ணாவுக்கு ஒரு கை காட்டவும் இல்லை.

கந்தளாய் றோட்டில் அதே ஆமிக்காரர், சுடுதண்ணி முடிஞ்சுதா என்று கேட்டார். முடிந்தது என்றார் மாமா. அவர் சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். ஆட்களை எண்ணவில்லை.

அந்தச் சுவெற்றர் ஆறு வருடம் தாங்கியது.

ஊரில் வெயில் கொளுத்தியது. ஒருநாள் மத்தியானம் குசினியில் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு ஓடிச் சொட்டியது. நான் சட்டையில்லாமல் கதவடியில் குந்தி இருந்தேன். அம்மா ஊதுவதை நிறுத்திவிட்டு நெருப்பைப் பார்த்தபடி சொன்னார்:

"நல்லாக் குளிருமோ தெரியாது."

நெருப்புக்கு முன்னால் இருந்துகொண்டு அம்மா இப்படிக் கேட்கிறாரே, நுவரெலியாக் குளிர் அம்மாவின் தலைக்குள் ஏறிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் என் நெஞ்சைப் பற்றித்தானே கேட்கிறார். எனக்கிருந்த கோபம் அப்போதுதான் முழுதாக ஆறியது.

"இல்லை அம்மா, எனக்கு வேர்க்குது," என்றேன்.

"ஓம் மகன்," என்றார் அம்மா. பிறகு மறுபடி அடுப்பை ஊதினார்.