ஆரோக்கியம் அக்காவின் குடம்

ஆரோக்கியம் அக்கா போய்விட்டார். நேற்று சாயங்காலம், ஆஸ்பத்திரியில். இன்றைக்கு மத்தியானம் அடக்கம் முடிந்தது.

எங்கள் நகருக்குள் வந்தவர்கள் ஆர்ச் மேல் தங்கக் கலரில் ஒரு கும்பம் பார்த்திருப்பீர்கள். மாவிலை, தேங்காய் எல்லாம் வைத்து... சங்கத்து நோட்டீஸ், ஆட்டோ ஸ்டாண்டு போர்டு, எல்லாவற்றிலும் அதுதான். எங்கள் ஏரியா சின்னம்.

அது கும்பம் இல்லை. ஆரோக்கியம் அக்காவின் பிளாஸ்டிக் குடம்.

தன்னை அந்த ஆர்ச் வழியாகத்தான் எடுத்துப்போக வேண்டும் என்று போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். செய்ய முடியவில்லை.

நாங்கள் குடிவந்த புதிதில் இங்கே தண்ணீர் கிடையாது. மதுக்கரைப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்து, ஒருநாள் பொம்பளைகள் எல்லோரும் காலிக் குடத்தோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம்.

அக்கா தன் பச்சைக் குடத்தை ஒரு சிமெண்ட் லாரிக்கு நேர் முன்னால் வைத்தார். வாய் உடைந்து, கத்தியைச் சூடு பண்ணி ஒட்டின குடம்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து குடத்தை எடுக்கச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"தண்ணி வரட்டுங்க சார்... அது தானா எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிரும்" என்றார் அக்கா. அந்தப் போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கப்புறம் பைப் போட்டார்கள்.

ஆர்ச் கட்டினபோது மேலே என்ன சின்னம் வைப்பது என்று மீட்டிங். சைட்டு பிரிப்பதற்கு முன்னால் இது தோட்டம். அந்தத் தோட்டக்காரர் குடும்பம் ஏர் வேண்டும் என்றது. அந்த ஏரைக் கூலிக்கு ஓட்டினது எங்கள் அப்பன்மார்தானே என்று எங்கள் லைன் வீட்டு ஆட்கள் எழுந்துவிட்டார்கள். கோயில் கமிட்டி வேல் கேட்டது. கைகலப்பு ஆகிவிடும் போல இருந்தது.

அக்கா குழாயடியில் இருந்து நேராக வந்தவர். இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி மேஜை மேல் வைத்தார்.

"இதப் போடுங்க. ரோட்டுல உக்காந்தப்ப எல்லாரு கையிலயும் இதுதானுங்களே இருந்துச்சு."

அதையே முடிவு பண்ணினார்கள்.

பெயிண்டர் அந்தக் குடத்தையே எதிரில் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பச்சைக் கலர். வாயில் ஒட்டுப்போட்ட இடத்தைக்கூட விடவில்லை. அக்காவுக்கு ஒரே வெட்கம். ஒட்டுப்போட்டதை மட்டும் மறைத்திருக்கலாம், ஊரே பார்க்கிறது என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் பெயிண்ட் மங்கியது. வேறு ஆள் வந்தார். லட்சணமாக இருக்கட்டும் என்று மஞ்சள் அடித்தார். அடுத்த தடவை மாவிலை வந்தது. அதற்கடுத்து தேங்காய். ஆயுதபூஜைக்கு யாரோ மாலை போட்டார்கள்... சந்தனம், குங்குமம்...

பஸ்ஸுக்கு ஓடும்போது நானே அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். ஒருநாள் அக்கா பார்த்துவிட்டார்.

"ஏங்கண்ணு, என்ற கொடத்தயா கும்படற? அதுல மீன் அலசற தண்ணியெல்லாம் புடிச்சு வெச்சிருக்கறேன்."

ரோட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். பஸ்ஸை விட்டுவிட்டேன்.

பிறகு சங்கத்தில் ஒரு ரூல் போட்டார்கள். கும்பம் இருக்கிற இடம், அதற்கு அடியில் சாவு போகக்கூடாது. பின்பக்கம் சாக்கடைச் சந்து வழியாகத்தான் எடுக்க வேண்டும். அதையும் அக்கா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். படுக்கையில் விழுந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"அந்தச் சந்து மட்டும் வேண்டாமுன்னு சொல்லிப்போடு கண்ணு..."

இன்றைக்குக் காலையில் அக்கா மகள் ஜான்சியும் நானும் செயலாளர் வீட்டுக்குப் போனோம். நல்ல மனுஷன். நின்றுகொண்டே முழுக்கக் கேட்டார். ஆனால் அவர் ரொம்பப் பின்னால் குடிவந்தவர்.

"கும்பமுங்க அது. கொடமுன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

யார் சொன்னது... நானே அந்த மீட்டிங்கில் இருந்தேன் என்றேன்.

பழைய போட்டோ இருந்தால் காட்டுங்கள், மற்றவர்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். அப்போது எங்கள் யாரிடம் கேமரா இருந்தது? தன் அப்பாவையும் அந்தச் சந்து வழியாகத்தான் எடுத்ததாகச் சொன்னார். அதுவும் உண்மை.

அந்த மீட்டிங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்களில் இரண்டு பேருக்குப் போன் பண்ணினேன். ஒருவருக்கு ஞாபகம் இல்லை. இன்னொருவர், எதற்கு அம்மணி சாமி விஷயத்தில் வம்பு என்று வைத்துவிட்டார்.

"விடுங்க சித்தி, ஃபாதர் காத்துட்டு இருக்காரு" என்று ஜான்சி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

சந்துக்குள் வண்டி நுழையவில்லை. பெட்டியைத் தோளில்தான் தூக்கினார்கள். ஒரு பக்கம் சாக்கடை. இன்னொரு பக்கம் வீடுகளின் பின்கதவு. குறுக்கே வரிசையாகத் துணி காயப்போட்ட கயிறுகள்.

கதவைத் திறந்துகொண்டு பெண்கள் வந்தார்கள். தினமும் கும்பத்தைக் கும்பிட்டுப் போகிறவர்களும்தான். அவரவர் கயிற்றைக் கையால் உயர்த்திப் பிடித்தார்கள். பெட்டி மேல் ஈரத்துணி சொட்டிக்கொண்டே இருந்தது.

பெட்டி தாண்டிப் போன பிறகும் ஒரு அம்மா கயிற்றை விடாமல் அப்படியே நின்றார்.

அக்கா... நீங்கள் கேட்ட வழி கிடைக்கவில்லை. பார்த்துப் போங்க.