சோதினையில் விழுந்த வீடு

மனைவி சோதினையில் விழுந்துவிட்டாள் என்று கோவிலடியில் தெரியவந்த அன்று பின்னேரம், எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டி புட்டு வந்தது. பிறகு சொதி. பிறகு இன்னொரு சட்டி புட்டு. பிரான்காச்சோப் பகுதியில் எங்கள் வீடு நாலாம் மாடி, லிப்ட் வேலை செய்யாது. அவ்வளவு படியும் ஏறிக் காவிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்கு விளங்கும். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலார்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். எங்கள் அடுப்பிலோ சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

அது தொண்ணூறுகளின் கடைசி. இத்தாலியில் படித்த வெளிநாட்டுக்காரரும் தொழிற்பதிவில் சேரலாம் என்று சட்டம் மாறியிருந்த நேரம். மனைவி பாதி நாள் வீட்டுவேலை, பாதி நாள் வகுப்பு என்று ஓடி, சமூக சேவைப் பள்ளியில் மூன்று வருடப் படிப்பை முடித்திருந்தாள். அசிஸ்தெந்தே சொசியாலே. தனித்துப்போன கிழவர்கள், தாய் தகப்பன் சண்டைக்குள் மாட்டிய பிள்ளைகள், இருக்க இடமில்லாத சனம், இவர்களுக்கு வழி செய்கிற வேலை. படிப்பு மட்டும் காணாது. அரசாங்கச் சோதினை ஒன்று எழுதித் தேறி, பதிவில் பெயர் ஏறவேண்டும். ஏறினால் அலுவலகக் கதிரை. ஏறாவிட்டால் பிறகும் சிஞ்ஞோராமார் என்கிற வீட்டுக்கார அம்மாக்களின் நிலம் துடைப்பதுதான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சோதினை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். அவள் படிக்கும்போது நான் குசினிக்குள் நின்று யோசிப்பேன். பேனை எழுதாமல் விட்டால்? பஸ் வராவிட்டால்? வாசலில் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியைக் கேட்டு, அது வீட்டில் கிடந்தால்?

“இஞ்சேரப்பா, நீங்கள் விடுற பெருமூச்சிலை எனக்குத் தாள் பறக்குது. போய்ப் படுங்கோ” என்பாள்.

என் பயத்துக்கு எண்ணெய் விட ஒருவர் இருந்தார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். இங்கே ஒரு பெரிய வீட்டில் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லாருக்கும் அவர்தான் சட்டம்.

“தம்பி, மனிசியை வீணாய்ச் சாகடியாதை. உதிலை பாதிப்பேரை விழுத்துவாங்கள். இவ்வளவு இடம் எண்டு முதலே கணக்கு இருக்கும். முதல் தங்கட ஆக்கள், மிஞ்சினாத்தான் நாங்கள். ஊரிலை பாத்தனாங்கள்தானே?”

ஊரில் பார்த்தது உண்மை. மாவட்டத்துக்கு இவ்வளவுதான் இடம் என்று வெட்டிய வெட்டில், நல்ல புள்ளி எடுத்தும் பல்கலைக்கழக வாசலில் நின்றுபோனவள் என் மனைவி. எங்கள் சனத்துக்குச் சோதினை என்றால் அதுதான். கதவு ஒன்று, இடம் கொஞ்சம், ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே. கடல் தாண்டி வரும்போது எத்தனையோ சாமானை விட்டுவிட்டு வந்தோம். இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தோம்.

புட்டுச் சட்டிகளோடு வந்தவர்கள் சுவரோரமாக இருந்தார்கள். மெதுவாகக் கதைத்தார்கள்.

“எத்தினை மார்க்காலை போச்சுது பிள்ளை?”

“எங்களுக்குக் குடுத்துவைக்கேல்லை.”

“உந்த மூண்டு வருசத்துக்கும் இன்னொரு வீட்டுவேலை பிடிச்சுச் செய்திருக்கலாம்” என்றா ஒரு மாமி, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி.

மனைவி எழும்பினாள். “மாமி, நான் இன்னும் சாகேல்லை. தேத்தண்ணி குடிக்கிறியளோ?”

ஒருவரும் சிரிக்கவில்லை. கிளாக்கர் மட்டும், “சீனி குறைய” என்றார்.

அடுத்த நாள் நான் பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனேன். அந்த வீட்டு சிஞ்ஞோராவின் மகளும் அதே சோதினையை எடுத்திருந்தாள். பாஸானவர்களின் பெயர் ஒட்டிய பலகையில் அவளுடைய பெயரும் இல்லை. துக்க வீட்டுக்குள் போவதுபோல நான் சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன். அவள் மேசையில் காலைப் போட்டுக்கொண்டு சியாகுல்லி மந்தரீன் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“விழுந்துவிட்டேன், கேள்விப்பட்டாயா?” என்றாள். பஸ்ஸைத் தவறவிட்டவள் சொல்வதுபோல.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எல்லாமாக எத்தனை இடம் என்று கேட்டேன்.

“என்ன இடம்?”

தெரிந்த இத்தாலியனில் கிளாக்கரின் கணக்கை விளங்கப்படுத்தினேன். அவள் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். “அது வேலைக்கு ஆள் எடுக்கிற போட்டி. இது வேறு. தேவையான புள்ளி எடுத்தால் சரி. வந்திருக்கிற எல்லாரும் எடுத்தால் எல்லாரும் பாஸ்.”

“பாதிப்பேர் விழுவார்களாமே?”

“அந்தப் பாதி யார் என்று பார்த்தாயா? படிக்காமல் சும்மா வந்து பார்க்கிறவர்களும் அதற்குள்தான். மூன்றாம் தரம் எழுதுகிறவர்களும் அதற்குள்தான். அடுத்த தரம் நான் பாஸானால், விழுந்த கணக்கிலும் இருப்பேன், பாஸ் கணக்கிலும் இருப்பேன்.”

“எத்தனை தரம் எடுக்கலாம்?”

“அலுக்கும்வரை.”

“அவளுக்கு அலுக்காது, எனக்குத்தான் அலுக்கும்!” என்று தாய் உள்ளேயிருந்து கத்தினா. இருவரும் சிரித்தார்கள். நான் நிலத்தில் கிடந்த மந்தரீன் தோலைப் பொறுக்கினேன்.

மறந்துபோவேனோ என்ற பயத்தில், பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிச் சொல்லியே வந்தேன். வீட்டுக்குள் காலை வைத்ததும் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினேன்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும். முதல் வருசமே வகுப்பிலை சொன்னவை.”

“பேந்தென்ன? திரும்ப எடுமன்.”

“அவள் விழுந்தால் தாய் பகிடி விடுகிறா. நான் விழுந்தால் புட்டு வருகுது.” சட்டிகளைக் கழுவி அடுக்கியபடி, “அவள் திரும்பப் படிக்கேக்கை உடுப்புத் தோய்ச்சு மினுக்கிறதுக்கு நீங்கள் இருக்கிறியள். எனக்கு ஆர் இருக்கினம்?” என்றாள்.

“நான் மினுக்கிறன்.”

“ஓம். மினுக்கிப்போட்டு உந்தச் சட்டியளையும் நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ. என்னாலை அவையின்ர முகத்திலை முழிக்கேலாது.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு வாசலிலும், “இனியாவது விட்டிட்டாவோ?” என்று கேட்டார்கள். இல்லை என்றால் ‘பாவம்’ என்பார்கள், ஓம் என்றால் ‘நல்லது’ என்பார்கள். ஓம் என்றே சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் உடனே விடவில்லைத்தான். கொஞ்ச நாள் புத்தகம் விரித்தாள், மூடினாள், விரித்தாள். அடுத்த தரத்துக்குப் பதிகிற கடைசிக் கிழமையில் ஒரு கிழவியைப் பராமரிக்கும் வேலை வந்தது. போனாள். புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே போயின. எடு என்று சொல்ல எனக்குப் பயம், விழுந்துவிடுவாளோ என்று. எடாதே என்று சொல்லவும் பயம். பயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க, அந்தக் கிழமையும் முடிந்தது.

சிஞ்ஞோராவின் மகள் அடுத்த தரம் பாஸானாள். பிறகு சமூக சேவை அலுவலகம் ஒன்றில் கதிரையும் கிடைத்தது. எங்கள் சனம் தங்கள் கரைச்சல்களோடு போய் நிற்பது அவளுக்கு முன்னால்தான். பாஷை காணாதவர்கள் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் ஓய்வு நாளில் போவாள், கதைப்பாள், வருவாள்.

ஒருநாள் கிளாக்கரே வந்தார். வீட்டுக்காரன் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டானாம். நானும் கூடப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் சிஞ்ஞோராவின் மகள். இந்தப் பக்கம் மனைவி, இரண்டு பாஷைக்கும் மாறி மாறிக் கதைத்தாள். கடைசியில் அலுவல் சரிவந்தது. கிளாக்கருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“பிள்ளை, எவ்வளவு வடிவாய்க் கதைக்கிறீர்! உந்தக் கதிரையிலை நீரெல்லோ இருந்திருக்கவேணும். ஏன் சோதினையை இடையிலை விட்டனீர்?”

மனைவி அவருக்கு முன்னால் தாளை நகர்த்தினாள். “இதிலை கையெழுத்து வையுங்கோ அண்ணை.”

“என்ன சொல்கிறார்?” என்று சிஞ்ஞோராவின் மகள் இத்தாலியனில் கேட்டாள்.

“உங்களுக்கு நன்றி சொல்கிறார்” என்றாள் மனைவி.