செல்வலட்சுமி பார்த்த மலையூர்

செல்வலட்சுமி எதையும் முதல் தடவையில் நம்பமாட்டாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து, சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி, ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்தவள். இப்போது முப்பத்தைந்து வயது. குவாலிட்டி பிரிவுக்கு அவள் வந்ததே அந்தக் குணத்தால்தான். ஒருமுறை லைனில் இருந்த அளவுமானி மூன்று நாளாக ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அவள் மட்டும், "அத்தன பீசும் ஒண்ணு போல வருமா? மானியில ஏதோ கோளாறு இருக்கு" என்று லைனை நிறுத்தச் சொன்னாள். மானியின் முள் சிக்கியிருந்தது. திட்டுவதற்காக வந்த சூப்பர்வைசர் முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த மாதம் அவளைக் குவாலிட்டிக்கு மாற்றினார்கள்.

போன வருஷம் கம்பெனி இத்தாலியில் ஒரு துளையிடும் மெஷின் வாங்கியது. கப்பலில் ஏற்றும் முன் ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தருவதற்கு அவளையும் பிரசன்னாவையும் அனுப்பினார்கள். பிரசன்னா ஸ்ரீபெரும்புதூர்க்காரன், முப்பது வயது இன்ஜினியர். பேசுவதும் கையெழுத்துப் போடுவதும் அவன் வேலை. பார்ப்பது அவள் வேலை.

வியாழக்கிழமை, மெஷின் செய்த இத்தாலி ஃபேக்டரியில் அதைச் சுற்றிக் காட்டினார்கள். செல்வலட்சுமி ஒவ்வொரு பக்கமாகக் குனிந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை ஓட்டிக் காட்டுவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை மாலை, அந்த ஃபேக்டரியின் சார்பில் இவர்களைக் கவனித்துக்கொண்ட ஓர்னெல்லா என்ற பெண் வந்து, சோதனை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது என்றாள். "நாளைக்கு உங்களை ஒரு மலையூருக்குக் கூட்டிப் போகிறேன். எழுநூறு வருஷத்துக் கோட்டை" என்றாள்.

"செம்மக்கா" என்றான் பிரசன்னா.

"எதுக்குத் தள்ளிப் போச்சுன்னு கேட்டியா?"

"சும்மா இருக்கா. ஊரு சுத்திக் காட்றேன்னு சொல்லிகினு கீறாங்க, அதுல இன்னா டவுட்டு உனக்கு?"

"நம்ம இருந்தா ஓட்ட முடியாத ஏதோ ஒண்ணு அங்க இருக்கு தம்பி. அதான் மலையேத்துதாவ."

சனிக்கிழமை காலை ஓர்னெல்லா காரோட்டி வந்தாள். நாற்பது தாண்டிய, குறைவாகச் சிரிக்கிற பெண். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிய ரோடு மதில் வாசலுக்கு வெளியே முடிந்தது. அதற்கு மேல் நடைதான். இரண்டு பேர் கைகோத்து நடந்தால் மூன்றாவது ஆள் பின்னால்தான் வர வேண்டும், அவ்வளவு குறுகலான கல் சந்துகள். மேலே ஜன்னலுக்கு ஜன்னல் கொடி கட்டித் துணி உலர்ந்தது. ஒரு சின்னச் சதுக்கம், நடுவில் இரும்பு மூடி போட்ட கிணறு, எதிரே தேவாலயம். உள்ளே சுவர் முழுக்க நரகத்தை வரைந்திருந்தார்கள். பிரசன்னா நிமிடத்துக்கொரு படம் எடுத்தான்.

செல்வலட்சுமிக்கு எதிலும் மனசு நிற்கவில்லை. ஓர்னெல்லாவின் போன் மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் அவள் தள்ளிப்போய்ப் பேசினாள். பதினோரு மணிக்கு, "கிளம்பலாமா?" என்று கேட்டதற்கு, "இல்லை, சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போகலாம்" என்றாள். அந்த 'மெதுவாக' செல்வலட்சுமிக்கு உறுத்தியது.

கோட்டை மதிலோரம் நடக்கும்போது செல்வலட்சுமி ஓரிடத்தில் நின்று கல் இடுக்கை விரலால் தடவினாள். "இந்தப் பூச்சு பழசில்ல. பத்து வருஷங்கூட இருக்காது" என்றாள். பிரசன்னா சிரித்துக்கொண்டே அதை ஆங்கிலத்தில் சொன்னான். ஓர்னெல்லா சிரிக்கவில்லை.

"ஆமாம். நிலநடுக்கத்தில் இந்தப் பக்கம் விழுந்துவிட்டது. மறுபடி கட்டினார்கள். யாரும் கண்டுபிடிப்பதில்லை."

அதையே சாக்காக வைத்து, செல்வலட்சுமி தனக்குத் தெரிந்த ஃபேக்டரி ஆங்கிலத்தில் நேராகவே கேட்டாள். "எங்க மெஷின்ல என்ன பிரச்சினை?"

ஓர்னெல்லா மதிலில் கை ஊன்றிக் கீழே திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "உங்கள் மெஷினில் ஒன்றுமில்லை. வேறொரு வாடிக்கையாளரின் மெஷினை இன்று ஓட்டுகிறார்கள். வெளியாட்கள் அதைப் பார்க்கக் கூடாது. உங்களை மாலை வரை வெளியே வைத்திருக்கச் சொன்னார் எங்கள் முதலாளி."

"கேட்டியாக்கா? அவ்ளோதான்" என்றான் பிரசன்னா.

பாதி உண்மை என்று பட்டது அவளுக்கு. மீதிப் பாதியை ஓர்னெல்லா மறைக்கிறாளா, ஓர்னெல்லாவிடமே மறைத்திருக்கிறார்களா என்பதுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை மெஷின் நன்றாகவே ஓடியது. ஐம்பது பீஸ், ஐம்பதும் சரி. முதலாளி கைகொடுக்க வந்தார். செல்வலட்சுமி மட்டும் வியாழக்கிழமை எடுத்த படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளி, மெஷினோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். துளைக்கருவியைச் சுழற்றும் தண்டை, அந்த ஸ்பிண்டிலை, நான்கு போல்ட்டுகள் பிடித்திருந்தன. முறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பார்கள். போல்ட் அசைந்தால் கோடு விலகும். படத்தில் நான்கு கோடும் நேராக இருந்தன. மெஷினில் நான்கும் நகத்தளவு விலகியிருந்தன.

"தம்பி, இதக் கழத்தி மாட்டிருக்காவ. கையெழுத்துப் போடாத."

பிரசன்னா பேனாவை மூடினான். இந்த முறை சிரிக்கவில்லை.

முதலாளி முதலில் மறுத்தார். படத்தைக் காட்டியதும் குரல் இறங்கியது. மற்ற மெஷினின் ஸ்பிண்டில் வெள்ளிக்கிழமை பழுதாகிவிட்டது, ஒரே ஒரு நாளைக்கு இதைக் கழற்றி அங்கே மாட்டினோம் என்றார். இவர்களோடு சேர்ந்து ஓர்னெல்லாவும் அதை அப்போதுதான் கேட்டாள். அவள் முகம் சிவந்துபோயிற்று. முதலாளியிடம் அவள் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம்தான், ஆனால் அவர் தலை குனிந்தது.

புது ஸ்பிண்டில் மாட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட இன்னும் மூன்று நாளாயிற்று. விமான டிக்கெட்டை மாற்றினார்கள். ஒப்புதலில் கையெழுத்தான மாலையில் செல்வலட்சுமி தானே ஓர்னெல்லாவிடம் போய்க் கேட்டாள். "இன்னொரு தடவை மேலே கூட்டிட்டுப் போறீங்களா? அன்னைக்கு நான் ஊரையே பார்க்கலை."

வெயில் சாய்கிற நேரம். சதுக்கத்தில் கிழவர்கள் நாற்காலி போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்களும் தேவாலயப் படியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

"அன்னைக்கு உங்களையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டேன்" என்றாள் செல்வலட்சுமி.

"நானும்தான்" என்றாள் ஓர்னெல்லா. "நீங்கள் போனில் எங்கள் மெஷினையெல்லாம் படம் எடுத்து யாருக்கோ அனுப்புகிறீர்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். நாள் முழுக்க உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

செல்வலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓர்னெல்லாவும் சிரித்தாள். ஐஸ்கிரீம் உருகி விரலில் வழிந்தது. துடைக்க எதுவும் இல்லாமல் இருவரும் படியை விட்டு எழுந்து, கைகழுவத் தண்ணீர் தேடி அடுத்த சந்துக்குள் போனார்கள்.