கொக்கியை இறக்கிய கை

என் பழைய முதலாளியை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அவருடைய ஆள்காட்டி விரல். பழுதுபார்த்த வண்டியை எடுக்க ஆள் வந்ததும், பாக்குத்தூளை அந்த விரலால் ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அதே ஒற்றை விரலால் கதவைத் தள்ளிச் சாத்துவார். கதவு சாத்திக்கொள்ளும். "பாத்தீகளா, பஞ்சு மாதிரி விழுகுது" என்பார். வந்தவர் முகம் மலரும். பிறகு அந்த விரலை, யாரும் பார்க்காத நேரத்தில், அதே வண்டியின் சீட்டுக்கு அடியில் துடைத்துக்கொள்வார். கிரீஸும் எச்சிலும் கலந்த அந்தத் தடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

காளவாசலில் ஒரு சந்துக்குள் இருந்தது அவருடைய பட்டறை. நான் அங்கே சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. தொங்கும் கதவு என்றால் எங்களிடம்தான் அனுப்புவார்கள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கதவைத் தாங்கும் கீலுக்குள் ஒரு இரும்புப் பின்னும், அதைச் சுற்றிப் பித்தளை புஷ்ஷும் இருக்கும். வருடக்கணக்கில் திறந்து மூடி இரண்டும் தேய்ந்தால் கதவு தன் கனத்தாலேயே கீழே இறங்கிவிடும். அடியில் ஜாக்கி கொடுத்து, தேய்ந்ததைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். அரை நாள் வேலை. முதலாளி அதைச் செய்ய விடமாட்டார். கதவு எவ்வளவு தொங்குகிறதோ, அவ்வளவுக்கு எதிர்த்தூணில் இருக்கும் பூட்டுக் கொக்கியைக் கீழே இறக்கச் சொல்வார். பத்து நிமிடம்தான் ஆகும். கீல்மேல் கிரீஸை அப்பிவிட்டால் புதுசு போட்ட மாதிரியே இருக்கும். "கதவ எதுக்கு மாப்ள தூக்கிக்கிட்டு? கொக்கிய எறக்கு, அது கவ்விக்கிரும். அம்புட்டுத்தேன்" என்று சிரிப்பார். கதவுப் பூட்டில் இரண்டு பிடிகள் உண்டு. நன்றாகச் சாத்தினால் இரண்டு சத்தம் கேட்கும். சாய்ந்த கதவில் முதல் பிடி மட்டுமே விழும், ஓட்டத்தில் அது விட்டுவிடலாம். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சமயநல்லூர்ப் பக்கமிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவரும் ஒரு பெண்மணியை நாங்கள் வேன்கார அக்கா என்போம். தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வண்டி ஓட்டப் பழகி, சொந்தமாக வேன் எடுத்தவர். டயரில் காற்று இருக்கிறதா என்றுகூடத் தானே அழுத்திப் பார்ப்பார். ஒருநாள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"முன்னாடி எடது கதவு தொங்குது தம்பி. தூக்கித் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கு. பிள்ளைக ஒக்கார்ற சீட்டு. பின்னு, புஷ்ஷு ரெண்டையும் மாத்திருங்க. நான் இருந்து வாங்கிட்டே போறேன்."

"வெயில்ல ஏந்தாயி நிக்கிற? பேக்கரில போய் ஒக்காரு. நான் ஆள் விட்டுக் கூப்புடுறேன்" என்று முதலாளி அன்பொழுகச் சொல்லி அனுப்பினார். அக்கா தெருமுனை தாண்டியதும் முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த வேனுக்குப் பொருந்தும் புதிய பின்கள் என் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தன. நான் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்பானரை எடுத்துக் கொக்கியை இறக்கினேன்.

அக்கா திரும்பி வந்து கதவைத் தானே இரண்டுமுறை சாத்திப் பார்த்தார். பிறகு முதலாளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒத்தச் சத்தந்தான தம்பி கேக்குது?"

"புதுசுக்கா. ஓட ஓட செட்டாயிரும்" என்றேன். முதலாளி சொல்லிக்கொடுத்த பொய் இல்லை அது. என் வாயிலிருந்து தானாக வந்தது.

மூன்றாவது வாரம், சாயங்காலம் பள்ளி விட்டுத் திரும்பும்போது, வலப்பக்கம் திரும்பிய ஒரு வளைவில் கதவு திறந்துகொண்டது. முன்சீட்டில் இருந்த ரெண்டாங்கிளாஸ் பிள்ளை வெளியே சரிந்தது. அக்கா இடது கையால் அதன் யூனிபார்ம் பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். ஒற்றைக் கையில் ஸ்டீரிங் நிற்காமல் வேன் மின்கம்பத்தில் மோதியது. பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். அக்காவுக்கு இடது தோள் உடைந்துபோனது.

செய்தி வந்ததும் முதலாளிதான் முதல் ஆளாக ஓடினார். வேனைக் கட்டி இழுத்துவர வண்டி அனுப்பினார். என்னவொரு மனிதர் என்று பெற்றோர்கள் சொன்னார்களாம். மறுநாள் மதியம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வந்து வண்டியைப் பார்ப்பதாக இருந்தது. காலையிலேயே முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கினார். தலைக்கு மேலே கைநீட்டி அலமாரியிலிருந்து பின்களையும் புஷ்களையும் எடுத்து என் கையில் வைத்தார்.

"இப்பப் போடு மாப்ள. நல்லதாப் போடு."

முன்சீட்டில் அந்தப் பிள்ளை பயத்தில் எடுத்த வாந்தி காய்ந்து கிடந்தது. ஈக்கள் மொய்த்தன. அதற்குப் பக்கத்தில் மண்டியிட்டு நான் வேலையை ஆரம்பித்தேன். பழைய பின் நடுவில் பாதிக்குமேல் கரைந்திருந்தது. புஷ் வெட்டிப்போட்ட நகத்துண்டுகளாக உதிர்ந்தது. புதியதை ஏற்றி, கதவை நிமிர்த்தி, நான் இறக்கிய கொக்கியை மறுபடி அதன் இடத்துக்கு உயர்த்தினேன். இரண்டு பிடியும் சுத்தமாக விழுந்தன. அந்தப் பட்டறையில் நான் செய்த ஒரே நேர்மையான வேலை அதுதான். அதைச் செய்தது, நாங்கள் செய்ததை மறைக்க.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து சாத்தினார். "கதவு நல்லாத்தான இருக்கு."

"ஏதோ பொம்பள ஓட்டுறா, கையில வலு பத்தாதுங்க சார். பிள்ளை லாக்கத் தொறந்தத கவனிச்சிருக்க மாட்டா" என்றார் முதலாளி, முகத்தில் அவ்வளவு வருத்தத்துடன்.

"நீதான் வேல பாத்தியா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். என் பேண்ட் பையில் பழைய பின்கள் இருந்தன. அவற்றைக் குப்பையில் போடச் சொல்லியிருந்தார் முதலாளி. ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி கேட்டாள்: "அந்த வேன்காரம்மா போன் பேசிக்கிட்டே ஓட்டுச்சாம்ல? பஸ்ல பேசிக்கிட்டாக. இதுகளுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?" பாதிச் சோற்றோடு தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கோரிப்பாளையம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் அக்கா படுத்திருந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, பின்களை அவர் கையில் வைத்தேன். தேய்ந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் கொஞ்ச நேரம் வருடிப் பார்த்தார். அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகந்தேன். அதனாலதான் ஒன்ட்ட கேட்டேன். நீ பொய் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு பின்களைத் திருப்பி நீட்டினார். "இத எங்கிட்ட குடுத்துட்டு நிம்மதியாப் போயிறலாம்னு பாக்குற. எடுத்துட்டுப் போ. எங்க குடுக்கணுமோ அங்க குடு."

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நேத்து வாயில என்ன வச்சிருந்த?" என்று கேட்டார். பின்களை அவர் மேசைமேல் வைத்தேன். எழுதிக்கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். முதலாளியைக் கூப்பிட்டு விசாரித்தபோது, திருட்டுக்காக என்னை விரட்டியதாகவும் அந்தக் கோபத்தில் நான் புளுகுவதாகவும் சத்தியம் செய்தாராம். கடைசியில், கதவின் பழுதும் காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி எழுதினார்கள். அந்த ஒரு வரியால் அக்காவின் லைசென்ஸ் தப்பியது. ஆனால் வேனுக்குப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. பெல்ட்டைப் பிடித்து அவர் காப்பாற்றிய பிள்ளையின் வீட்டார்தான் முதலில் வேறு வேனுக்கு மாறினார்கள். இடது கை தோளுக்கு மேல் எழும்பாததால் அக்கா வேனை விற்றுவிட்டு இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறார். வழியில் பார்த்தால் நலம் விசாரிப்பார். அதற்கு மேல் பேசமாட்டார். நானும் எதிர்பார்ப்பதில்லை.

முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டறை இரண்டு மடங்கு பெரிதானது. எனக்கு இப்போது சொந்தமாக ஒரு சின்னக் கடை இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய கார் என் கடைமுன் வந்து நின்றது. கூட அவர் மகளும், நாலு வயதுப் பேத்தியும்.

"பின்கதவு தொங்குது மாப்ள. நம்ம பட்டறப் பயலுகள நம்பி விட முடியல. பேத்தி ஒக்கார்ற சைடு. நீயே பின்னு, புஷ்ஷு மாத்திக் குடுத்துரு" என்று என் தோளில் கைபோட்டார். ஒரு கூச்சமும் இல்லை அந்த முகத்தில். மகளிடம் திரும்பி, "நம்ம பயதேன். நாந்தேன் தொழில் சொல்லிக்குடுத்தேன்" என்றார்.

அவர் கையை எடுத்துவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்ல வாய் துடித்தது. காருக்குள் அந்தப் பேத்தி முறுக்கைக் கடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜாக்கியைக் கொண்டுவந்தேன். பின்களைத் தட்டி எடுத்து, கதவைக் கழற்றித் தரையில் சாய்த்தேன். கதவில்லாத காரை எடுத்துக்கொண்டு அவர் எங்கேயும் போக முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் மகளைக் கூப்பிட்டு, வேன்கார அக்காவின் கதையைச் சொன்னேன். கொக்கியை இறக்கியது யார், இறக்கச் சொன்னது யார், புதிய பின்னை எப்போது போட்டோம், எதற்காகப் போட்டோம், எல்லாவற்றையும். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். "டேய், வேலையப் பாருடா" என்று முதலாளி நடுவில் கத்தினார். அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பவில்லை. கடைசிவரை கேட்டாள். பிறகு காருக்குள் குனிந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள். அவர் கூப்பிடக் கூப்பிட ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினாள்.

நான் புதிய புஷ்ஷை எடுத்துக் கீலில் பொருத்த ஆரம்பித்தேன்.