பஸ் நின்றால் நான் நிற்கமாட்டேன்

நாக்கில் சட்டம் துறுதுறுத்த வயது எனக்கு. குழந்தை உரிமை என்று யார் வாயெடுத்தாலும் ஒரு மணி நேரம் பேசுவேன். தொண்ணூறுகளின் பின்பாதி அது. திருவண்ணாமலையில் எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு மாடி அறை இருந்தது. அதில் எனக்கு இருப்புக் கொள்ளாது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டிய ஊர்களில் பிள்ளைகளைக் கூட்டிச் சங்கம் நடத்துவது என் வேலை.

அப்படி ஓர் ஊரில், மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கி முடித்த கொல்லையில், என் நீளப் பேச்சு முடிந்ததும் ஒன்பதாவது படிக்கும் பெண்ணொருத்தி எழுந்தாள்.

“அக்கா, பஸ்ஸு நின்னா நான் நிக்க மாட்டேன். பஸ்ஸு நிக்கலன்னா நான் நின்னுடுவேன்.”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

விசாரித்தேன். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்குப் போக காலையில் ஒரே பஸ். இலவச பாஸ் பிள்ளைகள் நிற்பது தெரிந்தால் அது வேகம் பிடிக்கும். தாவணிகள் பறக்க, புழுதியை மட்டும் இறக்கிவிட்டுப் போகும்.

அவள் அப்பாவைப் பார்த்தேன். “படிப்பு வேணாம்னு சொல்லலீங்க. ரோட்ல நின்னு நின்னு மூஞ்சி சுண்டித் திரும்பி வருது. அடுத்த மாசமும் இதே கதைன்னா போதும், ஊட்லயே இருக்கட்டும்.” கோபப்பட அவர் எனக்கு இடமே வைக்கவில்லை.

திங்கட்கிழமை, குறை கேட்கும் நாள். பெண்களோடு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். பேச்சு என் தொண்டைவரை வந்து நின்றது. அதிகாரி, “சொல்லுங்கம்மா” என்றதும் அவள் என்னைத் தாண்டி முன்னே போனாள். அதே வாக்கியம், ஒரு ‘சார்’ மட்டும் கூடுதல்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்திலிருந்த போக்குவரத்து அலுவலரிடம், “கேட்டீங்களா? இந்தப் பொண்ணு படிப்பு உங்க பிரேக்ல இருக்கு. நாளையிலேர்ந்து வண்டி நிக்கணும்” என்றார். என் ஒரு மணி நேரப் பேச்சு உள்ளேயே கரைந்தது. அவ்வளவு இனிப்பாக எதையும் நான் விழுங்கியதில்லை.

மறுநாள் காலை ரோட்டோரம் நானும் நின்றேன். தூரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. பெரிதானது. வேகம் குறைவதாகத் தெரியவில்லை. பிறகு, காது கூசுகிற அந்த பிரேக்கின் கிறீச்சொலி. எனக்கு அது நாதஸ்வரம்.

“ஏறுங்க கலெக்டரம்மா,” என்றார் கண்டக்டர்.

“கலெக்டரானா வேற வண்டி குடுப்பாங்கண்ணா. அதுவரைக்கும் இதான்,” என்றாள் அவள்.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும்தான். கையாட்டிக்கொண்டே இருந்தேன், வண்டி வளைவில் மறையும்வரை.

புளியமரத்தடியில் புல்லறுக்கிற பாவனையில் நின்றிருந்த அவள் அப்பா மெல்ல வந்தார். “நீங்க ஏறலீங்களா?”

மறந்தே போயிருந்தேன்.

“இனி வண்டி கெடையாது, நடக்கணும். வாங்க, நானும் கீழ்பென்னாத்தூருக்குத்தான் வரேன்,” என்று துண்டை உதறித் தோளில் போட்டார். “இனிமே தினம் போகுதில்ல. டிபன் பாக்ஸ் ஒண்ணு வாங்கணும்.”