தம்பிக்கு அளவெடுத்த நாள்

இடது கை காகிதத்தை நீவிவிட்டது. வலது கை அதன் மூலைகளில் நான்கு இரும்பு வில்லைகளை வைத்தது. சட்டையின் முன்பாகத்துக்கான வெட்டுக் காகிதம் அது. மடித்து மடித்துக் கிழிந்த இடமெல்லாம் செலோடேப் ஒட்டியிருந்தது. அடியில் வெளிர்நீலத் துணி, நூலோட்டம் மேசை விளிம்புக்கு நேராக. பிளேடால் சாக்பீஸின் ஓரத்தைச் சீவிக் கூராக்கி, கழுத்து வளைவிலிருந்து கோடு தொடங்கினாள்.

"மறுபடியும் அந்தக் காகிதமா?" என்றாள் எதிர் மேசைக்காரி. தைத்து முடித்த சட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவள் வேலை. கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் காஜாக்கா. "அதை இந்த வருஷம் ரெண்டாங்கிளாஸ்ல சேக்கணும். வயசாகுதுல்ல?"

"உன் வேலையைப் பாரு."

"என் வேலைதான் தாயே. நான் எடுத்த காஜாவுல பொத்தான் நுழையணுமே. போன சட்டைக்கு உன் தம்பி மூச்சை இழுத்துப் பிடிச்சு மூணு பொத்தான் போட்டான். நாலாவது தெறிச்சு என் மூக்குல விழுந்துச்சு."

"இளைச்சிடுவான். இப்பவே கொஞ்சம் இளைச்சிருக்கான், நீ பாக்கலியா?"

காஜாக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டாள்.

அந்தத் தையற்கடையில் இருபது ஆண்டுகளாக அளவெடுத்து வெட்டுகிறவள் சாக்பீஸ் பிடித்திருந்த இவள்தான். யாரிடமும் முறையாகக் கற்கவில்லை. பழைய சட்டைகளைத் தையல் பிரித்து, துண்டு துண்டாக விரித்து வைத்துப் பார்த்துப் பழகியது. ஆனால் அளவில் அரை அங்குலம் தவறியதாக ஒரு புகார் வந்ததில்லை. வாடிக்கையாளர் பழைய சட்டையைக் கொண்டுவந்து "இதே அளவுல தைச்சுடுங்க" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "சட்டைக்கு வயசாகாது, உங்களுக்கு ஆகுமே. நேரா நில்லுங்க" என்று டேப்பை எடுத்துவிடுவாள். பக்கத் தையலுக்குள் ஒரு அங்குலத் துணி கூடுதலாக விடுவாள். நாளைக்கு உடம்பு வைத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

அப்படிப்பட்டவள், தம்பிக்கு மட்டும் ஏழு வருடமாக டேப் எடுக்கவில்லை.

அவளைவிடப் பத்து வயது இளையவன். அம்மா போன பிறகு அவளே வளர்த்தவன். இருபத்துநான்கு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாக அளவு கொடுத்தான். மார்பு முப்பத்தாறு, கழுத்து பதினாலரை. அளவு கொடுக்கும்போதே கடை முதலாளி போல இருமிக் காட்டினான். காலர் இறுக்கமென்று சண்டை போடும் வக்கீலைப் போல, துணியை முகர்ந்து பார்க்கும் வாத்தியாரைப் போலப் பேசினான். அவள் சிரித்த சிரிப்பில் டேப் கைநழுவி விழுந்தது. அந்த அளவில்தான் காகிதம் வெட்டினாள்.

அடுத்த சில மாதங்களில் அவன் வேறு சில குரல்களில் பேசத் தொடங்கினான். எதிர்வீட்டு மாடியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான், அவர்கள் பேசுவதை அப்படியே சொல்லியும் காட்டினான். அவள் அதையும் விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தாள். அது அவள் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. தையல் மெஷின் தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறது என்று அவன் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்த அன்றுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று நாள் வீட்டில் மெஷினைத் தொடவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரி.

மாத்திரைகள் அந்தக் குரல்களை அடக்கின. உடம்பு பருத்தது. நடை மெதுவானது. ஒரு வேடிக்கையைச் சொன்னால், எல்லோரும் சிரித்து முடித்தபின் அவன் புன்னகைப்பான். நல்லவன், சொன்னதைச் செய்கிறவன், தட்டைக் கழுவி வைக்கிறவன். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனை வைத்துக்கொண்டே அவள் அவனுக்காக ஏங்கினாள். வெளியில் யாராவது மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினால் கை நின்றுவிடும். முன்பெல்லாம் அவன் அப்படித்தான் ஏறுவான்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பழைய காகிதத்தை வைத்து ஒரு சட்டை தைத்தாள். அவன் "நல்லாருக்குக்கா" என்று வாங்கி அலமாரியில் தொங்கவிட்டான். போட்டுக்கொண்டு வெளியே போனதில்லை.

இப்போது நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும். அவனே விண்ணப்பம் எழுதி, அவனே போய்ப் பேசி வாங்கியது. அதற்குத்தான் வெளிர்நீலம்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை, சாப்பிடும்போது, அவன் திடீரென்று தலையைச் சாய்த்து, காஜாக்கா குரலில் "ஏன் தாயே, குழம்புல உப்பு ஒரு அங்குலம் கூடுதலா விட்டிருக்கியா?" என்றான். அவளுக்குப் புரை ஏறியது. சிரித்துச் சிரித்து அடுக்களைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து தினமும் அப்படிப் பேசினான். முகம்கூட வடிந்து வந்தது.

சாக்பீஸ் கோடு போட்டாயிற்று. கைப்பட்டி எத்தனை அகலம் வைத்தோம் என்று சந்தேகம் வந்தது. போன வருடத்துச் சட்டையைப் பார்த்தால் தெரியும். வீடு கடைக்கு மேல்மாடிதான். அவன் காய்கறி வாங்கப் போயிருந்தான்.

அலமாரியிலிருந்து சட்டையை எடுத்தாள். கைக்கு வருகிற துணி எதுவானாலும் முதலில் பையைத் துழாவுவது அவள் பழக்கம். சில்லறை, பஸ் டிக்கெட், ஒருமுறை மூக்குத்தி கூடக் கிடைத்திருக்கிறது. விரலை விட்டாள். சிறிய வட்டமாக, வெள்ளையாக ஒன்று. பையைக் கவிழ்த்தாள். உள்ளங்கையில் எண்ணினாள். பதினொன்று. ராத்திரிக்குப் போட வேண்டிய மாத்திரை.

படியில் காலடி கேட்டது. இரண்டிரண்டாக ஏறி வந்தான்.

அவள் கையை விரித்துக் காட்டினாள். காய்கறிப் பையைக் கீழே வைத்தவன் அங்கேயே நின்றான்.

"எதுக்குடா?"

"யாரும் போடாத சட்டைதானே. யாரு பாக்கப்போறாங்கன்னு நெனச்சேன்."

"எதுக்குன்னு கேட்டேன்."

"அதைப் போட்டாத்தான் உடம்பு வைக்குது. விட்டா சட்டை சேரும்ல?" என்றான். "ஒரு தடவையாவது நீ தைச்சதைப் போட்டுக்கிட்டுப் போகணும்னு இருந்துச்சு. அப்புறம் நான் காஜாக்கா மாதிரிப் பேசினப்போ நீ சிரிச்சியே. எத்தனை வருஷமாச்சு நீ அப்படிச் சிரிச்சு."

அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். கேட்கப் பயந்து கேட்டாள்.

"மெஷின்ல ஏதாவது கேக்குதா?"

"மெஷின்ல இல்ல." தரையைப் பார்த்தான். "குழாயைத் திறந்தா."

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் போனார்கள். நரைத்த கொண்டையும் ஓயாத இருமலுமாக இருந்த அந்த அம்மாள் ஏழு வருடமாக அவனைப் பார்க்கிறவர். பதினொரு மாத்திரையையும் மேசையில் பார்த்துவிட்டு அவனைத் திட்டவில்லை. இவளைக் கேட்டார்:

"கலகலன்னு பேசினார்னு சந்தோஷப்பட்டீங்க. சரி. தூங்கினாரா?"

அவள் யோசித்தாள். அவன் அறையில் விளக்கு எரிந்ததைப் பார்த்திருக்கிறாள். புத்தகம் படிக்கிறான் என்று மகிழ்ந்திருக்கிறாள்.

"கவனிக்கலம்மா."

"அதைத்தான் முதல்ல கவனிக்கணும்." பிறகு அவனிடம் திரும்பினார். "எடை ஏறுதுன்னா என்கிட்ட சொல்லணும்ப்பா. வேற மருந்து இருக்கு, அளவை மெதுவா மாத்தலாம், ரத்தத்துல சர்க்கரை பாக்கலாம். நீங்களா நிறுத்தினா எனக்கு எதுவும் தெரியாது. வேலைக்கு ரெண்டு வாரம் கழிச்சுச் சேருங்க. லெட்டர் தர்றேன்."

வெளியே வரும்போது அவள் மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கினாள்.

"மறுபடி மாத்திரை போட்டா, அந்தப் பேச்சு... அது போயிடுமா டாக்டரம்மா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கொஞ்சம் மங்கலாம். எல்லாமே போகும்னு சொல்ல முடியாது, அப்படியே திரும்பும்னும் சொல்ல மாட்டேன். அவர்கிட்ட எப்பவாவது கேட்டிருக்கீங்களா, அவருக்கு அது எப்படி இருக்குன்னு?"

கேட்டதில்லை.

முதல் மூன்று நாள் அவளே தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு போய் நின்றாள். கொடுக்கும்போது அவள் கைதான் தயங்கியது. அவன் வாங்கி விழுங்கினான். வாரக் கடைசியில் குழாய் வெறும் குழாயாகிவிட்டது என்றான். தூங்கினான். பேச்சும் குறைந்தது.

மறுவாரம் அவனைக் கடைக்குக் கூப்பிட்டாள். மேசை மேல் டேப் கிடந்தது. காஜாக்கா அளவு எழுத நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கையைத் தூக்கு."

தூக்கினான். மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து முன்னால் சேர்த்தாள். "நாப்பத்திரண்டு."

வயிற்றுக்கு இறக்கினாள். எண்ணைப் பார்த்தாள். டேப்புக்குள் அவன் அசையாமல் இருந்தான், முகம் சிவந்திருந்தது.

"மூச்சை விடுடா."

"பரவாயில்லக்கா."

"விடு."

விட்டான். டேப் அவள் விரல்களுக்கிடையே இரண்டு அங்குலம் ஓடியது. எண்ணை அவள் வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"என்ன, ரகசியமா? சத்தமாச் சொன்னாத்தானே எழுதுவேன்" என்றாள் காஜாக்கா.

"நாப்பத்திநாலு."

"என்னைவிட ரெண்டு கம்மி. பொழச்சுப்போ தம்பி."

கழுத்து பதினாறரை. தோள், கை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். முதுகளவு எடுக்கப் பின்னால் போனபோது, அவன் முகம் தெரியாததால் கேட்க முடிந்தது.

"உனக்கு உன்னோட பழைய இது... முன்னாடி இருந்தது, ஞாபகம் வருமாடா?"

அவன் தூக்கிய கைகளை மெல்ல இறக்கினான்.

"வரும். நல்லாப் பேசுவான்ல அவன்? பல சமயம் எனக்கே அவன் பேச்சைக் கேக்கணும்போல இருக்கும்." லேசாகத் தலையைத் திருப்பினான். "உனக்கு மட்டும்தான்னு நெனச்சியா?"

அவள் டேப்பின் நுனியை அவன் கழுத்தெலும்பின் மேல் அழுத்திப் பிடித்தபடி நின்றாள். பிறகு இடுப்புவரை இறக்கி எண்ணைப் படித்தாள்.

வெளிர்நீலத் துணியில் பழைய கோடுகளை ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். நல்லவேளை, கத்திரி வைத்திருக்கவில்லை. புதுக் காகிதம் வெட்டினாள். பழையதை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, சுருட்டி, மேல் தட்டில் வைத்தாள். தூக்கிப் போட மனம் வரவில்லை. காலருக்குக் கடினமான பக்ரம் வேண்டாமென்று மெல்லிய உள்துணி வைத்தாள். பக்கத் தையலுக்குள் ஒரு அங்குலம் விட்டாள்.

சேர வேண்டிய திங்கட்கிழமை காலை அவன் குளித்து, தலை துவட்டி, பனியனோடு கடைக்கு இறங்கி வந்தான். மேசையில் அவள் கடைசியாகக் கைப்பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காஜாக்கா ஏழாவது பொத்தானின் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்து, சட்டையை மடிக்காமல், தோள்கள் இரண்டையும் பிடித்துத் தூக்கி அவனிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டான். "சூடா இருக்குக்கா."

"அப்படியே போட்டுக்கோ."