முதல் குரலுக்குப் பதில் சொன்னவர்

என் மருமகன் மாரிசெல்வம் நேரில் ஐந்தடி மூன்று அங்குலம். கம்ப்யூட்டருக்குள் ஏழடிக்கு மேல் இருப்பார். அங்கே அவருக்கு உடம்பு முழுக்க இரும்புச் சட்டை, இடது கையில் வாசல் கதவு அளவுக்கு ஒரு கேடயம். அவர் பெயரும் அங்கே 'கதவு'தான்.

சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் முப்பது வருடமாகத் தார் தூக்குகிறவன் நான். எனக்கும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் என் பேத்திக்கு இப்போது ஐந்து மாதம். குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பல்லில்லாமல் சிரிக்கிறாள். வலது காது என் காது மாதிரியே கொஞ்சம் மடங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளை எங்களுக்குத் தங்கியதற்கு அவளுடைய அப்பாவின் விளையாட்டுதான் காரணம் என்று சொன்னால் மண்டியில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மாரிசெல்வத்துக்கு ஊர் உத்தமபாளையம். வீட்டில் உட்கார்ந்தே வேலை. யார் வீட்டிலாவது இன்டர்நெட் வரவில்லை என்றால் இவருக்குத்தான் போன் வரும். தமிழிலும் மலையாளத்திலும் திட்டு வாங்கிக்கொண்டு, "சரிங்க சார், பாத்துர்றோம் சார்" என்பார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு நேரம் விடுவார்கள். அப்போது சாப்பிடாமல் விளையாடுவார். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் பார்த்தேன். பனைமரம் உயரத்துக்கு ஒரு பூதம். இவரைப் போட்டு மொத்துகிறது.

"மாப்ள, அது ஒங்களையே போட்டுச் சாத்துது. நீங்க திருப்பி அடிக்கக் காணோமே."

"அடிக்கிறதுக்கு வேற ஆளுக இருக்காக மாமா. என் வேலை அடி வாங்குறது. டேங்க்குன்னு சொல்லுவாக."

"அதுக்கு ஒரு ஆளா? அந்த வேலைய நான் ஒங்க அத்தைகிட்ட சம்பளமில்லாம பாத்துக்கிட்டிருக்கேன்."

அடுப்படியிலிருந்து என் மனைவி அக்கம்மாள், "எனக்குக் காது கேக்குது" என்றாள்.

அவர்கள் ஐந்து பேர் ஒரு கூட்டம். மூன்று பேர் பின்னால் நின்று பூதத்தை அடிப்பார்கள். ஷீபா என்று ஒரு பிள்ளை, போடி பஜாரில் ஜவுளிக்கடைக்காரர் மகள், துபாய் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்து விளையாடும். அது அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்கும். திரையின் மேலே ஒரு பச்சைக் கோடு இருக்கும். அதுதான் மாரிசெல்வத்தின் உயிர். அடி விழ விழக் கோடு குறையும். ஷீபா மருந்து போடப் போட நீளும்.

"பூதத்துக்கு எப்பவும் நோஞ்சான் மேலதான் கண்ணு மாமா. மருந்து போடுற ஆளத் தேடித்தான் போகும். அதனால நான் சத்தம் போட்டு வம்புக்கு இழுக்கணும். என் பக்கம் திரும்பிட்டா அப்புறம் வேற யாரையும் பாக்காது."

"எங்க படிச்சீக இதை?"

"வீட்டுலதான்" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவருடைய அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினவர். குடித்துவிட்டு வந்தால் மனைவியை அடிப்பார். அந்த நேரம் பார்த்து, ஒன்பது வயதுப் பிள்ளை குறுக்கே போய் நின்று, சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லுமாம். பெல்ட் அந்தப் பக்கம் திரும்பும். அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். அந்த அப்பா செத்து ஆறு வருடம் ஆகிறது. இதை அவர் பெண்டாட்டியைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. என் மகள் நதியாதான் எனக்குச் சொன்னாள்.

நதியாவுக்கு முதல் பிள்ளை ஆண். பன்னிரண்டு நாள்தான் இருந்தான்.

எங்கள் பக்கம் உச்சிப்பொழுதில் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்கு 'ஏன்' என்று கேட்டுப் பதில் கொடுக்கமாட்டோம். தெரிந்த குரலாகவே இருந்தாலும் மூன்று தடவை கூப்பிடட்டும் என்று இருப்போம். மனுசர் என்றால் திரும்பக் கூப்பிடுவார். ஒற்றைத் தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்துவது மனுசர் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டில் இதில் இன்னும் கவனமாக இருப்போம்.

பன்னிரண்டாம் நாள் உச்சிக்கு அக்கம்மாள் பிள்ளைத் துணிகளை அலசக் கொல்லைப்பக்கத்து வாய்க்காலுக்குப் போயிருந்தாள். நான் மண்டியில் இருந்தேன். நதியா பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள், மாரிசெல்வம் உத்தமபாளையத்தில் இருந்தார். பின்வாசலில் "நதியா" என்று அக்கம்மாள் குரல் கேட்டிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இவள் "என்னம்மா" என்று எழுந்து போயிருக்கிறாள். அங்கே யாருமில்லை. திரும்பி வந்தால் பிள்ளை சில்லிட்டுக் கிடந்தது.

தூக்கத்தில் மூச்சு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அப்படியும் இருக்கலாம். நதியா நம்பவில்லை. "நாந்தானப்பா ஏன்னு கேட்டேன்" என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு இந்தப் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ இருநூறு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே மாரிசெல்வம் கம்ப்யூட்டர், ஒயர், நாற்காலி எல்லாவற்றோடும் வந்து இறங்கினார்.

"மாமனார் வீட்டுல டேராவா மாப்ள? ஊர்ல பேசுவாக" என்றேன்.

"பேசட்டும் மாமா. பன்னெண்டு நாள் தாண்டுற வரைக்கும் நான் இங்கனதான்."

பிள்ளை படுக்கும் அறைவாசலில் நாற்காலியைப் போட்டார். அங்கேயே வேலை, அங்கேயே விளையாட்டு. அக்கம்மாள் தொட்டிலுக்குக் கீழே காவலுக்கு ஒரு பன்னரிவாளை வைத்தாள். நான் மண்டியில் சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்கெல்லாம் வந்துவிடுவேன். பேத்தி தூங்கும்போது உதட்டைச் சுழித்துச் சுழித்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அதைப் பார்ப்பதற்காகவே ஓடி வருவேன்.

ஏழாம் நாள் உச்சி. அக்கம்மாள் வாய்க்காலுக்குப் போயிருந்தாள். பின்வாசல் திறந்திருந்தது. இரண்டு தென்னைக்கு அப்பால் அவள் கல்லில் துணி அடிப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நதியா கண்ணசந்திருந்தாள். பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

"நதியா."

அக்கம்மாள் குரல்தான். பின்வாசல் படியிலிருந்து வந்தது. நான் தென்னைப் பக்கம் பார்த்தேன். அங்கே அவள் குனிந்து துணியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

நதியாவின் உதடு அசைந்தது. ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். கூரையில் கத்திக்கொண்டிருந்த அணிலின் சத்தம் அடங்கிவிட்டது. பிள்ளை சிணுங்கலை நிறுத்திவிட்டுப் பின்வாசலைப் பார்த்தாள். ஏழு நாள் பிள்ளைக்கு உற்றுப் பார்க்கத் தெரியாது என்பார்கள். அவள் உற்றுப் பார்த்தாள்.

இன்னொரு தடவை கூப்பிடவில்லை.

எட்டாம் நாள் பின்கதவைத் தாழ் போட்டோம். அதே நேரத்துக்கு அதே குரல், அடுப்படிக்குள்ளிருந்து கேட்டது. மாரிசெல்வம் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். அவருக்கும் கேட்டிருக்கிறது. வெளியே கொளுத்துகிற வெயில். என் கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

சாயங்காலம் முருங்கை மரத்தடியில் வைத்துக் கேட்டார்.

"யாரும் பதில் சொல்லாததாலதான மாமா அது உள்ள வருது?"

"அதுக்காக ஏன்னு கேக்கச் சொல்றீகளா? ஒரு தடவை கேட்டுத்தான் பட்டாச்சு மாப்ள."

"கேட்டது தப்பில்ல. கேட்டுட்டுப் பிள்ளைய விட்டு எந்திரிச்சுப் போனா. அதுதான் தப்பாப் போச்சு. வாசல்ல நிக்கிறவன் கேக்கணும். கேட்டுட்டு நகரக்கூடாது."

"இது என்ன கம்ப்யூட்டர் பூதமா?"

"எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் மாமா" என்றார்.

ஒன்பதாம் நாள் நாற்காலியை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பிப் போட்டு, முதுகைப் பிள்ளைக்குக் காட்டி உட்கார்ந்தார். அடுப்படியில் "நதியா" என்று கேட்டதும், வீட்டு ஆளோடு பேசுகிற மாதிரி, "அவ தூங்குறா. நான் இருக்கேன், மாரிசெல்வம். என்ன வேணும்?" என்றார்.

சத்தம் எதுவும் வரவில்லை. நாற்காலி மட்டும் நான்கு விரல் அளவுக்குப் பின்னால் போனது. அவர் கால் தரையில் ஊன்றித்தான் இருந்தது. சிவப்புச் சிமெண்டில் நான்கு கோடு விழுந்தது. அது இப்போதும் இருக்கிறது, வந்தால் பார்க்கலாம்.

அன்று பிள்ளை கண்ணை மூடித் தூங்கினாள். வாசலைப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் அது நதியாவைக் கூப்பிடவில்லை. "ஏலே மாரி" என்று ஒரு ஆம்பளைக் குரல் கேட்டது. மாரிசெல்வத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கப்பா குரல் மாமா" என்றார் மெதுவாக. பிறகு குரல் வந்த பக்கம் திரும்பி, "இருக்கேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் இடது முன்கையில் கன்றிப்போன தடம். பெல்ட் அகலம் இருந்தது. நதியா பார்த்துவிட்டுக் கேட்டாள், "என்னங்க இது கையில?"

"கதவு நிலையில இடிச்சுக்கிட்டேன்."

"பார்த்து நடக்க மாட்டீகளா? பிள்ளையத் தூக்குற கை."

பதினோராம் நாள் தடம் மூன்றானது. காய்ச்சலும் வந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் இடது கையைத் தூக்க முடியவில்லை. நான் சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டேன். வலது கையால் சாப்பிட்டவர், சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு வாயோடு போதும் என்றார். பதினொன்றே முக்காலுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து பக்கத்து ஸ்டூலில் வைத்தார்.

"இன்னைக்கு எதுக்கு மாப்ள விளையாட்டு?"

"விளையாடலை மாமா. எம் பொம்மைய ஊர்வாசல்ல சும்மா நிறுத்தி வச்சிருக்கேன். அதுக பேசுற சத்தம் கேட்டா தெம்பா இருக்கும்."

திரையில் 'கதவு' கேடயத்தோடு தனியாக நின்றது. எதிரே வெறும் புல்தரை. பச்சைக் கோடு முழுசாக இருந்தது. ஷீபாவும் மற்றவர்களும் யாருக்கோ கல்யாணம் என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கம்மாள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

"ஏலே மாரி."

இந்தத் தடவை குரல் அறைவாசலுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது.

"இருக்கேன்" என்றார்.

நாற்காலி நகர்ந்தது. அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்திருந்தார், கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. திரையில் பச்சைக் கோடு கால்வாசி குறைந்தது.

சிரிப்புச் சத்தம் நின்றது. ஷீபா கேட்டாள், "கதவு, ஒன்ன யாரு அடிக்கிறா? முன்னாடி ஒண்ணுமே இல்லியே."

நாற்காலி மறுபடி நகர்ந்தது. கோடு பாதியானது. "மருந்து போடுறேன், ஏற மாட்டேங்குது" என்றாள் ஷீபா. நாற்காலியின் முதுகு தொட்டிலில் முட்டியது. மாரிசெல்வத்தின் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிச் சட்டையில் விழுந்தது. பச்சைக் கோடு சிவப்பாகி, நகக்கண் அளவுக்கு மிஞ்சியிருந்தது.

"டேங்க்கு விழப்போறான். இன்னொரு டேங்க்கு இருந்தா இழுங்கப்பா" என்று அதற்குள்ளிருந்து யாரோ ஒருவர் கத்தினார்.

அது எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்குப் பட்டனும் தெரியாது, கேடயமும் கிடையாது. இருப்பது முப்பது வருடம் தார் சுமந்து காய்த்துப்போன தோள்தான். மருமகனைத் தாண்டிப் போய் வாசலில் நின்றேன்.

"அவன விடு. நான் நல்லகண்ணு, இந்த வீட்டுக்காரன். பதில் வேணும்னா என்கிட்ட கேளு. இருக்கேன்."

லாரியிலிருந்து தாரைத் தோளில் இறக்குவார்களே, அப்படி ஒன்று இறங்கியது. ஆனால் ஐஸ் மாதிரி குளிர்ச்சி. முழங்கால் மடங்கியது. தார் விழுந்தால் இடுப்பை ஒடிக்காமல் எப்படித் தாங்குவது என்று என் உடம்புக்குத் தெரியும். தாங்கினேன். முன்னால் யாருமில்லை. காயாத ஈரத்துணி வாடை மட்டும் அடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பின்னால் ஷீபா, "ஏறுது, ஏறுது" என்றாள்.

"நதியா. நதியா. அடியே நதியா, கதவத் தொறடி, கூடை கனக்குது."

மூன்று தடவை. பின்வாசலில் என் பெண்டாட்டி. தோளில் இருந்தது இறங்கிவிட்டது. பிள்ளை முழித்துப் பாலுக்குக் கத்தினாள். அந்தக் கத்தல் மாதிரி இனிப்பான ஒன்றை நான் கேட்டதில்லை.

மாரிசெல்வத்தின் கை சரியாகப் பத்து நாள் ஆனது. மூன்றாம் மாதம் முறைப்படி தாயையும் பிள்ளையையும் உத்தமபாளையத்துக்கு அனுப்பிவைத்தோம். புறப்படும்போது நாற்காலியைக் காட்டி, "இத விட்டுட்டுப் போங்க மாப்ள" என்றேன்.

"இப்ப அது ஒங்க பக்கம்தான் திரும்பியிருக்கு மாமா."

"திரும்பியிருக்கிற வரைக்கும் வேற யாரையும் பாக்காதுன்னு நீங்கதான சொன்னீக."

அதன்பிறகு தினமும் பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நேற்றும் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரிசெல்வம் அவளைக் குப்புறப் போட்டுக் காட்டினார். தலையைத் தூக்கி, என் மீசையைப் பிடிக்கிற மாதிரி போன் கண்ணாடியைத் தட்டினாள். அக்கம்மாள் வாய்க்காலில் இருந்தாள்.

"நல்லகண்ணு."

போனுக்குள் மாரிசெல்வத்தின் சிரிப்பு நின்றது. "மாமா, யாரோ ஒங்களக் கூப்பிடுறாக."

"தெரியும். நீங்க பதில் சொல்லாதீக மாப்ள. பிள்ளையப் பாருங்க."

போனைத் தொடைமேல் வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

"இருக்கேன்" என்றேன். "இங்கனதான் இருக்கேன்."

நாற்காலி ஒரு விரற்கடை பின்னால் போனது. தொடைமேல் பேத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.